‘ஈசி கிளியர்’ என்றால் என்ன? வில்லங்கச் சான்றை முதல்முறையாகப் படிப்பவர்களுக்கு

பழைய வீடோ, காலி மனையோ, அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்டோ, தமிழ்நாட்டில் எதைப் பார்க்கப் போனாலும் தரகர் தரும் முதல் உத்தரவாதம் இதுதான்: “ஈசி கிளியரா இருக்கு சார், தைரியமா அட்வான்ஸ் போடலாம்.” வாங்குபவரும் அந்தக் காகிதத்தை வாங்கி, தலைப்பில் பதிவுத்துறையின் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு ஃபைலில் செருகிவிடுகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. பல லட்சம் ரூபாய் விவகாரத்தில், பார்க்கக் கட்டணம்கூட இல்லாத ஒரு ஆவணத்தைப் படிக்காமல் விடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

ஈசி என்று எல்லோரும் சொல்லும் வில்லங்கச் சான்று, ஒரு சொத்தைப் பற்றிக் குறிப்பிட்ட காலத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி அந்த அலுவலகம் சில புத்தகங்களைப் பராமரிக்க வேண்டும். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை போன்று அசையாச் சொத்தைப் பற்றிய ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் ஏறும். உயில்கள் 3ஆம் புத்தகத்தில். மற்ற சில்லறை ஆவணங்கள் 4இல். ஈசி கேட்டால் தேடுவது 1ஆம் புத்தகத்தின் அட்டவணையை மட்டும். வங்கி பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: வங்கி வழியாக நடந்த வரவு செலவு எல்லாம் அதில் இருக்கும், கைமாற்றாக வாங்கிய கடன் இருக்காது.

ஈசி என்பது ‘இவர்தான் உரிமையாளர்’ என்று அரசு தரும் சான்று என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமையைத் தீர்மானிப்பதில்லை. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் அந்தச் சட்டப்படி சார்பதிவாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொன்னது. ஆகவே உரிமையில்லாத ஒருவர் எழுதிக்கொடுத்த பத்திரமும் ஈசியில் அழகாக ஒரு வரியாக வந்து உட்காரும். அதைக் கண்டுபிடிப்பது படிப்பவரின் வேலை.

சரி, எப்படி எடுப்பது? பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ஈசியைப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கணினியில் கிடைக்கின்றன. அதற்கும் முன்னால் வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பழைய புத்தகங்களைப் புரட்டித் தேடித் தரும் ‘மேனுவல் ஈசி’ வாங்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று நிதானிக்க வேண்டும். நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான் பதில் வரும். இன்றைய பட்டாவில் 112/3ஏ1 என்று இருக்கும் நிலம், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரத்தில் வெறும் 112/3 என்று இருக்கலாம். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானம் கண்ணிலேயே படாது, ‘வில்லங்கம் இல்லை’ என்று சுத்தமான ஒரு தாள் வரும். அதைத்தான் ‘நில் ஈசி’ என்று பெருமையாக நீட்டுவார்கள். நகரப் பகுதிகளில் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று மாறியிருக்கும். ஆகவே தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரையுள்ள எல்லாப் பத்திரங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். அலுவலக எல்லையும் மாறியிருக்கும். இன்று ஒரு அலுவலகத்தின் கீழ் இருக்கும் கிராமம், முன்பு பக்கத்து ஊர் அலுவலகத்தில் இருந்திருக்கலாம். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஃபிளாட் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே நிலத்தின் சர்வே எண்ணில் தேடுவதால், அந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு விற்றதோ அத்தனை பேரின் கிரயமும் அடமானமும் பக்கம் பக்கமாக வரும். பயப்பட வேண்டாம். சொத்து விவரத்தில் ஃபிளாட் எண், மாடி, பிரிக்கப்படாத பாக நிலத்தின் அளவு ஆகியவற்றை வைத்து உங்களுடையதைப் பிரித்தெடுக்கலாம்.

இனி உள்ளே இருப்பது. ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்த நாள், பதிவான நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் காட்டிய விலை), சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், கடைசியாகச் சொத்தின் விவரமும் நான்கெல்லையும் இருக்கும். முதலில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்ற இரண்டு பத்திகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரு பதிவில் வாங்கியவராக வந்தவர்தான் அடுத்த விற்பனையில் கொடுத்தவராக வர வேண்டும். எங்கேயாவது, இதுவரை வாங்கியவராக வராத ஒருவர் திடீரென்று கொடுப்பவராக முளைத்தால் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்.

கற்பனையாக ஒரு அரை கிரவுண்டு மனையை, அதாவது 1200 சதுர அடியை, எடுத்துக்கொள்வோம். ஈசியில் ஆறு பதிவுகள். 1984இல் கிரயம், நிலச்சொந்தக்காரரின் பொது அதிகார முகவர் ஒரு குடும்பத் தலைவருக்கு எழுதிக்கொடுக்கிறார். 1996இல் அவர் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் அடமானம் வைக்கிறார். 2002இல் சங்கம் அடமான ரசீது, அதாவது கடன் தீர்ந்தது என்ற ஆவணம், கொடுக்கிறது. 2009இல் ‘விடுதலை’ ஆவணம், அதாவது இரண்டு பேர் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மூத்த மகனுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். 2013இல் மூத்த மகன் ஒரு வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைக்கிறார். 2017இல் அவர் தன் மனைவிக்கு செட்டில்மெண்ட் (குடும்பத்துக்குள் விலையில்லாமல் எழுதிக்கொடுக்கும் ஆவணம்) எழுதுகிறார். இன்று அந்த மனைவி உங்களுக்கு விற்க வருகிறார். எல்லாம் பதிவான ஆவணங்கள், கடைசிப் பெயரும் விற்பவர் பெயர்தான். தரகர் மொழியில் இது கிளியர்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 1984 கிரயத்தில் முகவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அதிகாரப் பத்திரம் எங்கே? பழைய நாட்களில் அதிகாரப் பத்திரங்கள் பெரும்பாலும் 4ஆம் புத்தகத்தில் ஏறியதால் ஈசியில் தெரியாது, நகலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால், 1984இல் நிலச்சொந்தக்காரர் உயிரோடு இருந்தாரா என்பதும் கேள்வி. அடுத்து, 1996 அடமானமும் 2002 ரசீதும் ஒரே கடனைப் பற்றியவையா? ரசீதின் முந்தைய ஆவண எண் இடத்தில் 1996 ஆவணத்தின் எண் இருந்தால் கணக்கு நேர். இது பரவாயில்லை, இரண்டு நிமிட வேலை.

நான்காவது பதிவில்தான் விஷயமே இருக்கிறது. வாங்கியவர் அப்பா. விடுதலை எழுதியவர்களோ வேறு இரண்டு பேர். அப்பா எங்கே போனார்? இறந்திருக்க வேண்டும். ஆனால் இறப்பு ஈசியில் வராது. பத்திர அலுவலகத்துக்கு வராத எதுவும் ஈசிக்குத் தெரியாது, மரணம் உட்பட. எனவே இந்த இடத்தில் ஈசியை மூடிவைத்துவிட்டு இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேட்க வேண்டும். அதில் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுதலை எழுதியவர்கள் இரண்டு, வாங்கியவர் ஒருவர், மொத்தம் மூன்று. மீதி இரண்டு பேர் எங்கே? பெரும்பாலும் அவர்கள் மகள்கள்தான். “கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க” என்பார்கள். கேட்கமாட்டார்கள் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. சட்டம் வேறு சொல்கிறது: இந்துக் குடும்பத்தில் அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்தவைதான் 1989இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் வந்த மத்தியத் திருத்தமும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டார், அதனால பொண்ணுங்களுக்குப் பங்கு இல்ல” என்று சொல்பவர்களை நிறையவே பார்க்கலாம்.

பலர் மறந்துவிடும் இன்னொருவர் பாட்டி. மகன் இறக்கும்போது அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. பின்னர் பாட்டி காலமானால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது அத்தைக்கும் சித்தப்பாவுக்கும், போகத் தொடங்கும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுக் கணக்கு வேறு. எந்தக் குடும்பமானாலும், வாரிசுச் சான்றில் உள்ள தலைகளையும் விடுதலைப் பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளையும் எண்ணிப் பார்ப்பதுதான் வழக்கறிஞர் செய்யும் முதல் வேலை. அதை நீங்களே செய்துகொண்டு போனால் அவரிடம் பேசுவது எளிதாக இருக்கும்.

ஐந்தாவது பதிவு வங்கிக் கடன். அதற்கு ரசீது இல்லை. கடன் ஒருவேளை அடைந்திருக்கலாம், பதிவு செய்ய மறந்திருக்கலாம், அல்லது இன்னும் பாக்கி இருக்கலாம். மூலப்பத்திரங்கள் விற்பவர் கையில் இருக்கின்றனவா என்று கேட்டால் பாதி உண்மை தெரியும். “லேமினேட் பண்ணி வெச்சிருக்கோம்” என்று கலர் ஜெராக்ஸைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். ஆறாவது பதிவைப் பொறுத்தவரை, கணவர் மனைவிக்கு எழுதிக்கொடுத்ததால் வங்கியின் பிடி தளர்ந்துவிடாது. சொத்து யார் கைக்குப் போனாலும் அடமானமும் கூடவே போகும், நாளை உங்கள் கைக்கு வந்தாலும்.

ஆக, கிளியர் என்று சொல்லப்பட்ட ஆறு பதிவில் மூன்று பெரிய கேள்விகள். இப்படிப்பட்ட சொத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகள்கள் இருவரும் இப்போது வந்து கிரயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், வங்கி ரசீது பதிவானால், நல்ல சொத்துதான். ஆனால் அவை முடிந்த பிறகுதான் பணம் கைமாற வேண்டும்.

பெயர்ப் பத்தியில் ‘மைனர்’, ‘காப்பாளர்’ என்ற சொற்கள் வந்தாலும் வட்டம் போடுங்கள். இந்துக் குடும்பத்தில் மைனரின் சொத்தைப் பெற்றோரே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டம். அனுமதி இல்லாத விற்பனையை அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம். ‘ரத்து ஆவணம்’ என்ற தன்மையும் அப்படித்தான். கொடுத்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட தானத்தை, கொடுத்தவர் தன்னிஷ்டத்துக்கு ஒருபக்கமாக ரத்து செய்ய முடியாது. ஒருபக்க ரத்து ஆவணத்தை நம்பி வாங்கினால் பழைய தானம் பெற்றவர் வந்து நிற்பார். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் விஷயத்தில் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் செய்யும் ரத்து வேறு வகை.

ஈசியில் வராதவை என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தம், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், 3ஆம் புத்தகத்தில் தூங்கும் உயில், சொத்துவரி பாக்கி, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டிய சுவர். நடந்துகொண்டிருக்கும் வழக்கு, யாராவது அதைப் பதிவு செய்திருந்தாலொழிய வராது. நீதிமன்ற ஜப்தி, சார்பதிவாளருக்குத் தகவல் போயிருந்தால் மட்டும் வரும். நிலம் புறம்போக்கா, நத்தமா என்பதற்குப் பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவேடுகளும்தான் சாட்சி. பட்டா வருவாய்த்துறையுடையது, ஈசி பதிவுத்துறையுடையது. இரண்டிலும் பெயர் பொருந்தாமல் இருப்பது சாதாரணம், ஆனால் ஏன் என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடனும் ஒரு காலத்தில் ஈசிக்குள் வராமலே இருந்தது. 2012இல் தமிழ்நாடு பதிவுச் சட்டத்தைத் திருத்தி இந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய கடன்கள் தெரியாமல் போக வாய்ப்புண்டு. வங்கிகளிடம் அடமானத்தில் இருக்கும் சொத்துகளுக்கென்று 2011 முதல் இயங்கும் ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. சிறு கட்டணத்துக்கு யாரும் அதில் தேடலாம். ஈசியோடு அதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

எத்தனை ஆண்டுக்கு ஈசி? வீட்டுக்கடனுக்குச் சில வங்கிகள் 13 ஆண்டு போதும் என்கின்றன, வழக்கறிஞர்கள் 30 ஆண்டு கேட்பார்கள். நான் வழக்கறிஞர்கள் பக்கம். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி சுவாதீனம் கேட்டு வழக்குப் போட 12 ஆண்டு, அடமானத்தை மீட்க 30 ஆண்டு, அரசு வழக்குப் போடவும் 30 ஆண்டு. வங்கிக்குத் தன் கடன் தொகை வந்தால் போதும், நீங்களோ பிள்ளைகள் காலம்வரை அதில் இருக்கப் போகிறீர்கள்.

வாடகைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மாத வாடகை என்றால் தேவையில்லைதான். ஆனால் சென்னையில் ‘லீசுக்கு’ என்றும் தென் மாவட்டங்களில் ‘ஒத்திக்கு’ என்றும் சொல்லி, பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கிறார்களே, அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால், வங்கி 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வீட்டையே கையகப்படுத்தலாம். பதிவு செய்யாத வெள்ளைத்தாள் ஒத்தியோடு அப்போது வாசலில் நிற்பவரின் நிலைமை மிகப் பரிதாபம். சாவி வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஈசி பாருங்கள், ரசீதில்லாத அடமானம் தெரிந்தால் வேறு வீடு தேடுங்கள். ஒத்தி எழுதினால் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள், கிரயத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் விற்பவர் இன்னொருவரிடமும் அட்வான்ஸ் வாங்கினால்? விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் உங்கள் பெயர் ஈசியில் வந்துவிடும், அடுத்து வருபவர் தேடினால் தெரிந்துவிடும். பதிவுச் செலவை மிச்சப்படுத்த வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம். சிக்கல் வந்த பிறகு அதை வைத்து நீதிமன்றம் போகலாம், சிக்கல் வராமல் தடுக்க அது உதவாது. கிரயத்தன்று காலையிலும் ஒரு தடவை ஈசி பாருங்கள். பதிவு முடிந்த சில நாட்களில் மறுபடி எடுத்து, உங்கள் பெயர், சர்வே எண், அளவு மூன்றும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பு இருந்தால் பிழைத்திருத்தல் ஆவணத்துக்கு விற்பவரின் கையெழுத்து தேவைப்படும். அவர் பணம் வாங்கிய சூட்டில் இருக்கும்போது கேட்பது எளிது.

ஏற்கெனவே வீடு இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. கடன் முடிந்ததும் வங்கி மூலப்பத்திரத்தையும் பாக்கியில்லை என்ற கடிதத்தையும் கொடுத்துவிடும். அதோடு விஷயம் முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். ரசீது ஆவணம் பதிவாகும்வரை ஈசியில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். பதினைந்து வருடம் கழித்து விற்கும்போது வங்கியின் பெயரே மாறியிருக்கலாம். அலகாபாத் வங்கி 2020இல் இந்தியன் வங்கியோடு சேர்ந்துவிட்டது, எச்டிஎஃப்சி நிறுவனம் 2023இல் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கிளையின் பழைய கடன் கணக்கைத் தேடி அலைவதைவிட, கடைசித் தவணை கட்டிய மாதத்திலேயே வங்கி அதிகாரியைப் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விடலாம்.

காலி மனையை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள், ஆள்மாறாட்டம் செய்து யாரும் பத்திரம் எழுதிவிடவில்லையா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. போலிப் பத்திரம் பதிவான மறுமாதமே தெரிந்தால் புகாரோடு போகலாம். அந்த மனையில் யாராவது வீடு கட்டிக் குடியேறிய பிறகு தெரிந்தால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.